சலவைக் கணக்கு

ஸ்கோர் எல்லாம் ஐவரின் நோட்டில் இருக்கிறது.
என்னிடம் இருப்பது சேறு.

செப்டம்பரில் கோப்பையின் முதல் சுற்று.
கூடைக்குள் பதினைந்து ஜெர்சி,
சாணமும் புல்லும் கலந்த நெடி.
காலையில் மாடு மேய்ந்த மைதானமாம்;
மாலையில் மாட்டுக்காரர்களையே மேய்த்துவிட்டு வந்தோம் என்று
கதவில் சாய்ந்து சொன்னான் கெத்தின்,
ரொட்டி வேன் ஓட்டுபவன், எங்கள் உதைகாரன்.
நான் சிரிக்கவில்லை.
மெரூன் சட்டைக்கு வெள்ளைக் காலர்,
யார் சொன்ன யோசனையோ.
நன்ட்லாஸ் ரக்பி கமிட்டியில்
துவைக்கிறவர் ஒருவரும் இல்லை.

இரண்டாம் சுற்றுக்குக் கடலோரம் போனார்கள்.
மணல்.
மடிப்பில், தையலில், பொத்தான் துளையில்.
ஏழாம் எண்ணுக்குள் எப்படியோ ஒரு சிப்பி.
மூன்று முறை அலசியும்
தொட்டியின் அடியில் ஒரு கடற்கரை மிச்சம்.
எங்கள் பள்ளத்தாக்குக்குக் கடல் கிடையாது;
அந்த வாரம் என் மகன் அதில் கப்பல் விட்டான்.

ஜனவரியில் ரேடியோவில் குலுக்கல்.
யாரோ ஒரு கோட்டுக்காரர் பைக்குள் கை விட்டுத் துழாவும் சத்தம்.
சுரங்கத்துக் கேன்டீனில் நூறு பேர்
வாயில் வைத்ததை மெல்லாமல் நின்றார்கள்.
இருபத்தாறு. நாங்கள்தான்.
அடுத்த எண் நகரத்து அணி,
நாட்டுக்கு ஆடியவர்கள் நான்கு பேர் உள்ள அணி.
ஆனால் ஆட்டம் இங்கே, எங்கள் சரிவில்,
ஒரு மூலை மறுமூலையைவிட ஓராள் உயரம் நிற்கும் இடத்தில்.

அந்தச் சனிக்கிழமை மழை எங்கள் பதினாறாவது ஆள்.
கழிவுமேட்டிலிருந்து நிலக்கரித் தூள் கரைந்து வழிய
முப்பது பேரும் ஒரே நிறம்.
டூடர் பந்தோடு விழுந்தான்.
விழுந்தது கோட்டுக்கு அப்பால்தான் என்று
இன்றும் சத்தியம் செய்கிறவர்கள் ஐந்நூறு பேர்.
கோடு அழிந்து அப்போது அரைமணி நேரம்.
நாலுக்கு மூன்று.
திங்கள், செவ்வாய், புதன்:
என் தொட்டியில் மை போலத் தண்ணீர்.
யார் எங்கள் சட்டை, யார் அவர்களுடையது என்றே தெரியவில்லை;
ஒன்று மாறி வந்திருந்தது, நீலம்.
திருப்பி அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன்,
இஸ்திரி போட்டு.

காலிறுதியில் ரத்தம்.
ரத்தத்துக்குக் குளிர்ந்த நீர், உப்பு, பொறுமை.
வெந்நீர் பட்டால் துணியோடு குடும்பம் நடத்தத் தொடங்கிவிடும்.
மியூரிக்கின் மனைவி நெஸ்ட்டா பின்வாசல் வழியாக வந்தாள்.
அவனிடம் கேட்க மாட்டாள்; என்னிடம் கேட்டாள்:
"எவ்வளவு இருந்தது?"
கையைத் துடைத்துக்கொண்டு
"கொஞ்சம்தான்" என்றேன்.
அந்த சீசன் முழுவதற்கும் நான் சொன்ன பொய் அது ஒன்றே.

அரையிறுதிக்குப் பன்னிரண்டு பஸ்.
ஊரில் மிச்சம் நான், ஒரு போலீஸ்காரர்,
நாள் தள்ளிப்போன டெலித்.
மார்ச் வெயில். பெரிய ஸ்டேடியம்.
கெத்தின் உதைத்த மூன்றும் உள்ளே: ஒன்பது.
அவர்களுக்கு ஒரு ட்ரை, அதன் மேல் ஓர் உதை, பிறகு இன்னோர் உதை: ஒன்பது.
சமமென்றால் ட்ரை போட்டவர்கள் போவார்கள்,
அப்படி எழுதிவைத்திருக்கிறார்கள்.
தோற்கவில்லை. ஆனால் வெளியே.

இரவு பத்தரைக்குக் கூடை வந்தது,
வைத்தவன் எதுவும் பேசவில்லை.
மூடியைத் திறந்தேன்.
சேறே இல்லை.
சீப்பு வைத்து வாரி வளர்த்த புல் போலிருக்கிறது,
முழங்கையில் மட்டும் லேசாய்ப் பச்சை.
காலர்கள் வெள்ளை வெளேரென்று.
ஏழு மாதத்தில் முதல் முறையாக
குடிக்கலாம் போலத் தெளிந்த நீர் சாக்கடையில் இறங்கியது;
அதைப் பார்த்துத்தான் உட்கார்ந்துவிட்டேன்.

பதினைந்தாம் எண், ஹெவின்.
அந்த ஒரு ட்ரைக்கு அவன்தான் தவறவிட்ட ஆள்,
நீட்டிப் பாய்ந்ததில் இடது கை நெடுகப் புல்கறை.
வினிகர் போட்டால் போகும். தெரியும் எனக்கு.

செப்டம்பரில் மறுபடி முதல் சுற்று.
சட்டையை விரித்துப் பார்த்துக் கேட்டான்:
"இது போகாதா?"
"போகும்" என்றேன்.
"அவசரமா?"