பின்னால் உட்கார்ந்தவன்

பத்திரிகையிலிருந்து வந்த பெண் கேட்கிறாள்,
வாசிக்கும்போது ஆர்வெல் பிக்கெட்டின் முகம்
எப்படியிருக்கும் என்று.
அம்மா, நான் டிரம்ஸ்காரன்.
முப்பத்தொரு வருஷம் அவன் முதுகைத்தான் பார்த்தேன்.

முதுகைக் கேளுங்கள், சொல்கிறேன்.
டிரம்பெட் என்றால் வலது தோள் அரை விரற்கடை ஏறும்,
காதுக்குப் பின்னால் ஒரு நரம்பு புடைக்கும்.
சாக்ஸபோன் என்றால் கழுத்து வார்
சட்டைக் காலருக்குள் அமிழ்ந்து தலை ஒரு பக்கம் சாயும்,
டெலிபோனில் கெட்ட செய்தி கேட்பவன்போல.
எதை எடுக்கப்போகிறான் என்று
அவன் குனியும் முன்பே எனக்குத் தெரியும்.

இரண்டையும் ஒரே ராத்திரியில் வாசிக்காதே என்றார்கள்.
ஒன்றுக்கு உதடு இறுக வேண்டும், மற்றதற்கு இளக வேண்டும்,
ஒரே வாயால் வைவதும் கொஞ்சுவதும் மாதிரி.
எங்கள் வீட்டில் எல்லோருமே அப்படித்தான் என்றான்.

காசும் ஒரு காரணம்.
இரண்டு வாத்தியம் எடுப்பவனுக்குச் சங்க விதிப்படி
ராத்திரிக்கு ஒன்றரை டாலர் கூடுதல்.
டொலிடோவில் ஒரு மாடிவீட்டு வாடகை
அந்த ஒன்றரை டாலரில்தான் நின்றது.

அவன் அப்பன் கண்ணாடித் தொழிற்சாலையில்
உடைசல் அள்ளியவர்.
பெட்டியை ஆட்டிப் பார்த்தே
உள்ளே எத்தனை விரிசல் என்பாராம்.
அந்தக் காது மகனுக்கும் இருந்தது.
நான் ஓர் அடி பிசகினால் தோள்பட்டை சுருங்கும்.
திரும்ப மாட்டான்.

லைமாவில் அறை இல்லை என்றார்கள்,
வாசலில் அறை உண்டு என்ற பலகை தொங்க.
ஃபிண்ட்லேயில் சமையலறை வழியாக வரச் சொன்னார்கள்.
வெங்காய மூட்டைகளுக்கு நடுவே
இரண்டு பெட்டிகளோடு நடப்பான்,
இரண்டு கையிலும் ஒரு குழந்தையைப் பிடித்தவன்போல.

ஐம்பத்தொன்று, ஜனவரி. ஃபோர்ட் வெய்ன் சாலை.
பஸ் பனியில் வழுக்கி ஒரு களஞ்சியச் சுவரில் போய் நின்றது.
எனக்கு விலா. அவனுக்கு மேல்பல் இரண்டு.
அவற்றைக் கைக்குட்டையில் முடிந்து
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான்,
யாரோ திரும்ப வைத்துத் தருவார்கள் என்பதுபோல.

ஆறு வாரம் கழித்து மேடை.
தோள் ஏறியது.
அவனுடைய இடம் வந்தது.
காற்று வந்தது.

நான் பிரஷ்ஷால் தோலைத் தடவிக்கொண்டே இருந்தேன்,
காய்ச்சல்காரன் முதுகைத் தடவுவதுபோல.
கூட்டத்தில் ஒருவன் இருமினான்.
டிரம்பெட்டைச் சத்தமில்லாமல் தாங்கியில் வைத்தான்.
கழுத்து வார் காலருக்குள் போனது.

அப்புறம் ஒன்பது வருஷம் சாக்ஸபோன் மட்டும்.
டிரம்பெட்டும் கூடவே வந்தது, ஊர் ஊராக,
பெட்டி திறக்காமல், டிக்கெட் இல்லாத பயணிபோல.

சேண்டஸ்கியில், மழை ராத்திரி, பதினான்கு பேர் கூட்டம்,
திடீரென்று வலது தோள் அரை விரற்கடை ஏறியது.
என் கை நின்றேவிட்டது.
உச்சிக்குப் போகவில்லை அவன்;
நடு ஸ்வரங்களிலேயே, சுவரைப் பிடித்து நடப்பவன்போல,
இடைவெளி விட்டு விட்டு.
அதைத்தான் பிறகு பாணி என்று எழுதினீர்கள்.
அது பல்செட், அம்மா.

முகமா?
ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன், இப்போதுதான் நினைவு வருகிறது.
பெரிஸ்பர்க்கில் ஒரு மதுக்கூடம்,
மேடைக்கு எதிர்ச் சுவர் முழுக்க நிலைக்கண்ணாடி.
சாக்ஸபோன், மெதுவான பாட்டு,
முன்வரிசையில் ஒருத்தி மூக்கைத் துடைக்கிறாள்.
அவன் கண்ணை மூடியிருப்பான் என்று நினைத்திருந்தேன்.
திறந்திருந்தது.
கண்ணாடிக்குள் நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
புருவம் சொன்னது: மெதுவா.

வெளியே பனியில் காரைத் தள்ளும்போது கேட்டேன்.
முதல் நாளிலிருந்தே நீ முந்துகிறாய், லீமன் என்றான்.
ஏன் சொல்லவில்லை?
சொன்னேனே, தோளால்.

எழுதிக்கொள்ளுங்கள், அம்மா.
இந்த முறை மெதுவாகச் சொல்கிறேன்.