கூட்டு ஆர்வம்

லுசைலில் இன்று ஷமால்.
காற்றுமானி நாற்பத்தைந்தைத் தொட்டதும் வேலை நின்றது.
கிரேனின் கையைப் பூட்டாமல் விட்டுவிட்டேன்,
காற்று திருப்புகிற பக்கமெல்லாம் அது திரும்பட்டும்.
கூடவே நானும் திரும்புகிறேன், நாற்காலியோடு.
கீழே தில்பகதூர் கொடியைச் சுருட்டிக்கொண்டு
கன்டெய்னர் ஓரம் ஒண்டியிருப்பான்.
தூசியில் அவனும் இல்லை, தோஹாவும் இல்லை.

எழுபது மீட்டர் உயரத்தில் ஒற்றை ஆள் வகுப்பு.

கம்பெனி ஏற்றிக் கொடுத்த செயலி இது.
மாதக் கடைசிக்குள் பத்துப் பாடமும் முடித்தால்
ஒரு சான்றிதழ், ஒரு தண்ணீர்க் குடுவை.
மொழிப் பட்டியலின் அடியில் தமிழ் இருந்தது.
யாரோ பெயர்த்தது, இல்லை, எதுவோ பெயர்த்தது.
'வணக்கம் பயனரே,
உங்கள் பணம் இன்று எப்படி உணர்கிறது?'
என்கிறது தொப்பி போட்ட ஒட்டகக்குட்டி.

பாடம் ஏழு: கூட்டு ஆர்வம்.
'ஆர்வத்தின் மேல் ஆர்வம் வளரும்.
பொறுமையே உங்கள் நண்பன்.'
மூன்று தடவை படித்தேன்.
அட, வட்டியைத்தான் சொல்கிறது ஒட்டகம்.

அப்படியென்றால்
தங்கையாவுக்கு என்மேல் மாதம் மூன்று ஆர்வம்.
பெண் பார்க்கப் போன வீட்டில்கூட
என்னை இத்தனை ஆர்வமாய் யாரும் பார்த்ததில்லை.

ஏஜெண்டுக்குக் கொடுத்த ஒன்றரை லட்சத்தை
கழித்தல் குறி போட்டு உள்ளிட்டேன்.
'தொகை பூஜ்ஜியத்துக்கு மேல் இருக்க வேண்டும்.'
மறுபடி போட்டேன்.
ஒட்டகம் தலையை ஆட்டியது, வேண்டாமாம்.

சரி என்று குறியை எடுத்துவிட்டு
தங்கையாவாக உட்கார்ந்தேன்.
அசல் ஒன்றரை லட்சம்.
மூன்று சதவீதம், மாதாமாதம்.
இருபத்து நாலு மாதம்.
திரை முழுக்க மஞ்சள் காசு கொட்டியது.
'வாழ்த்துகள் பயனரே! நீங்கள் சரியான பாதையில் உள்ளீர்கள்.
மூன்று லட்சத்து நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பது.'

கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது சுமை அட்டவணை.
இருபது மீட்டரில் எட்டு டன்,
அறுபதில் இரண்டு கூட இல்லை.
கை நீள நீளத் தூக்குகிற தெம்பு குறையும்.
பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு வெளியே நின்றவன் நான்,
இது மட்டும் தூக்கத்திலும் வரும்.
திருவாடானை எத்தனை மீட்டர்?
அந்தத் தூரத்துக்கு அட்டவணை போடவில்லை.

திரையைப் படம் பிடித்து அமலோற்பவத்துக்கு அனுப்பினேன்.
ஏதோ தப்பு இருக்கு, என்று எழுதினேன்,
மாதம் நாலாயிரத்தைந்நூறு கட்டிக்கொண்டுதானே இருக்கிறோம்,
குட்டி போட மிச்சம் ஏது?

குரலில் பதில் வந்தது, பின்னால் குக்கர் சத்தம்.
'தப்பெல்லாம் இல்ல.
நாம கட்டுற வட்டியத்தான்
அவரு பிலோமி வீட்டுக்கு விட்டுருக்காரு.
அவ கட்டுறத பஸ் ஸ்டாண்டு தையக்காரனுக்கு.
உங்க ஒட்டகம் சரியாத்தான் சொல்லுது.'

கொஞ்சம் விட்டு இன்னொன்று:
'அசல்ல கழிக்க வழி இருந்தா
அந்தப் பாடத்த மட்டும் அனுப்புங்க.'

தேடினேன்.
பாடம் எட்டு, ஓய்வுக்காலம்.
ஒன்பது, முதலீட்டைப் பரப்புதல்.
பத்து, கனவு வீடு.
எல்லாவற்றுக்கும் பூட்டு.
ஏழின் தேர்வை எழுதினால்தான் திறக்குமாம்.

'கூட்டு ஆர்வத்தால் பயன்பெறுபவர் யார்?
அ. நீங்கள்
ஆ. உங்கள் எதிர்காலம்
இ. மேற்கண்ட இருவரும்'

பிலோமிக்குத் தெரியுமா,
போன மாதம் அவள் வாங்கிய பத்தாயிரத்தில்
என் ஓவர்டைம் எத்தனை மணி இருக்கிறதென்று?
எனக்குத் தெரியுமா,
தையக்காரனின் பெயர்?

காற்று முப்பதுக்கு இறங்கிவிட்டது.
வாக்கி டாக்கியில் தில்பகதூர் இருமுகிறான்,
கம்பிக்கட்டு ரெடி, ஒன்றே முக்கால் டன்,
ஐம்பத்தெட்டாவது மீட்டரில் இறக்க வேண்டும்.
அட்டவணையை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.
தாங்கும்.
சரியாகத் தாங்கும், ஒரு மூட்டை சிமெண்டு கூடினால் தாங்காது.

மடியில் ஒட்டகம் இன்னும் கண்ணைச் சிமிட்டுகிறது,
மூன்றில் ஒன்றைத் தொடச் சொல்லி.