பனியில் வழுக்கியது

மருத்துவ விடுப்பு முடிந்து
பிரிவு அலுவலகம் திரும்பியபோது
இடது கணுக்காலில் மாவுக்கட்டு.
விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில்
பனியில் வழுக்கி விழுந்ததால் என்று
எழுதியிருந்தேன்.
பொய்யில்லை.

லஸ்கர் அமிர்தகடேசன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.
"தைப்பனி தரையைத் துளைக்கும்னு
சும்மாவா சொன்னாங்க?
வரப்புப் புல்லு நனைஞ்சு கெடக்கும்.
நானே ரெண்டு தரம் விழுந்திருக்கேன்."

திருத்துறைப்பூண்டி முழுக்க அப்படியே போய்விட்டது சேதி:
ஏ.இ. அம்மா விடியக்காலம்
கோரையாற்றுக் கரையில் தண்ணி பார்க்கப் போய்
சறுக்கிவிட்டார்கள்.
பழம் வாங்கிக்கொண்டு வந்தார்கள்.
கடமையுணர்ச்சி என்றுகூட ஒருவர் சொன்னார்.

நான் விழுந்தது குல்மார்க்கில்.

மேட்டூர் அடைத்த மறுநாளே
ஒன்பது நாள் ஈட்டிய விடுப்பு.
கல்லூரியில் என்னோடு லெவலிங் ஸ்டாஃப் பிடித்த
மெஹருன்னிசா, பொற்கொடி, நான்.
வாடகைக்கு எடுத்த பூட்ஸ்
ஒவ்வொன்றும் இரண்டு கிலோ.
அதன் அடியில்
என் உயரத்துக்கு இரண்டு பலகை.

சரிவு பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் நான்.
எங்கள் பக்கம்
ஐயாயிரம் அடி நடந்தால் ஓரடி இறக்கம்.
கண்ணுக்குத் தெரியாது.
தண்ணீருக்கே சந்தேகம் வந்து
மதகுக்கு மதகு நின்று கேட்டுவிட்டுப் போகும்.
குறுக்கே ஒரு ஆகாயத்தாமரை கிடந்தால்
அதுதான் சாக்கு,
புரண்டு படுத்துக்கொள்ளும்.

அங்கே
சும்மா நின்றாலே போகிறது.

சொல்லிக்கொடுத்த பஷாரத்துக்கு இருபது வயதிருக்கும்.
குதிகாலை விரி, விரலைச் சேர்,
முட்டியை மடக்கு என்று
கையால் காட்டினான்.
உடனே புரிந்துவிட்டது.
உடம்பையே மடைப்பலகையாக்கி
என்னை நானே அடைப்பது.
பதினோரு வருஷமாக அடைக்கிறேனே,
முதல் தடவையே நின்றேன்.
கைதட்டினான்.

திறக்கத்தான் வரவில்லை.

நாலாம் நாள் பாதிச் சரிவில்
பொற்கொடி தேவதாரு மரங்களைப் பார்த்தாள்.
மெஹருன்னிசா போட்டோ எடுத்தாள்.
எனக்குள் கணக்கு ஓடியது:
ஐந்தடிப் பனி.
பத்துக்கு ஒன்றாக உருகினாலும் அரையடித் தண்ணீர்.
இந்த மேடு இத்தனை ஏக்கர்.
அப்படியானால்
தில்லைவிளாகம் கடைமடைக்கு
இன்னும் எத்தனை முறை...
பெருக்கிக்கொண்டிருக்கும்போதே
ஒரு பலகை வடக்கே போனது,
மற்றது கிழக்கே.

விழுந்த இடத்தில் சத்தமே இல்லை.
மூக்குக்கு நேரே தண்ணீர்.
யாரும் மனு கொடுக்காமல்,
சாலையில் உட்காராமல்,
ராத்திரி ஷட்டர் பூட்டை உடைக்காமல்,
அவ்வளவு தண்ணீர்
அசையாமல் படுத்திருந்தது.
ஒரு கை அள்ளித் தின்றேன்.
ருசி ஒன்றுமில்லை.
கோபம் வந்தது,
யார்மேல் என்று தெரியவில்லை.

"இது எங்கே போகும்?"
என் பாதத்தைத் தூக்கிப் பிடித்திருந்த பஷாரத்
ஓடை என்றான், பிறகு ஜீலம் என்றான்.
"அதற்குப் பிறகு?"
எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில்
கடைமடைக்குச் சொல் இல்லை.
அவன் கவலை வீங்குகிற கணுக்கால்.

இன்று வைரக்கண்ணு வந்தார்,
தில்லைவிளாகத்திலிருந்து, பஸ்ஸில்.
பழம் இல்லை.
தாளடிக் கதிர் ஒன்றை
மேசைமேல், கோப்புகளின் மேல் வைத்தார்.
பிறகுதான் கட்டைப் பார்த்தார்.

"பனியிலயாம்மா?"
"பனியில."
"அது மட்டுந்தான் எங்க பக்கம்
முறை வைக்காம வருது."

சொல்லியிருக்கலாம்.
போனில் எண்பது படம் இருக்கிறது.
கதிரை எடுத்து ஒரு மணியைப் பிதுக்கினேன்.
நகத்தில் பொட்டாக வெள்ளை.
பால் இன்னும் முற்றவில்லை.

"ஒரு தண்ணிங்க," என்றார்.
"ஒரே ஒரு தண்ணி."

மாவுக்கட்டை
மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.