இடப்பக்கம்

மிதிச்சா மதிலுக்குப் போகுது எண்டு
தில்லைமலர் ரீச்சர் கொண்டுவந்து விட்ட
ஏ நாற்பது.
கொக்குவிலில் இறக்கம் இல்லை.
எண்டாலும் ஆடு இருக்கு,
றெயில் கடவை இருக்கு.

ட்றம் கழரேல்லை.
சுத்தியல், மண்ணெண்ணெய், ரெண்டு கெட்ட வார்த்தை.
கழண்டபோது மடி நிறையக் கறுத்தத் தூள்.

உள்ளுக்கு இருந்தது லைனிங்கே இல்லை.
சீமெந்துத் தொழிற்சாலைப் பட்டியை ஆரோ வெட்டி
செப்புக் கம்பியால் தைச்சிருக்கினம்,
தடைக்காலத்து வேலை.
சிலிண்டருக்குள் விரல் விட்டு மணந்தன்:
ஆமணக்கெண்ணெய்.
இதை நம்பி எத்தனை பேர் ஏறினவை,
எங்க போய் நிண்டவை?

பின்னுக்குப் புதுச் சூ, புது ரப்பர்.
முன்னுக்கு, கொழும்பால வந்த டிஸ்க்.
சுவேந்தன் மிதிக்க நான் காத்தெடுத்தன்.
மிதி. பிடி. பிடி எண்டுறன். விடு.
கடைசிக் குமிழி வர
விளக்குக் கொளுத்தற நேரம்.

ரீச்சரே ஓடிப் பாத்தா.
கடவையில் பிறேக்.
கார் நேரே நிண்டிருக்கும்,
முப்பது வருசமா மதிலுக்குப் பயந்த கை
வலப்பக்கம் வெட்டாமல் விட்டிருந்தால்.

கானுக்குள் ஒரு சில்லு.
'என்ன தம்பி, இப்ப மற்றப்பக்கம் இழுக்குது?'

பழைய பட்டித்துண்டு
என்ர மேசையின்ர கட்டைக்காலுக்குக் கீழ.
மேசை ஆடுறதில்லை.