முப்பது பாகை

இரும்பாலை சாலையில்
அந்த வார்ப்படப் பட்டறைக்கு நடுவே
பாகப்பிரிவினையில் எழுந்த சுவர்.
இன்னும் பூசவில்லை.
கிழக்கே சம்பூர்ணம், மேற்கே அவர் தம்பி ரத்தினவேல்.
டிரான்ஸ்பார்மரை மட்டும்
எந்த வக்கீலாலும் பங்கு போட முடியவில்லை.

மார்ச்சிலிருந்து மூன்று கெப்பாசிட்டர் வெடித்துவிட்டதென்று
என்னைக் கூப்பிட்டார்கள்,
தனித்தனி போனில்.

கம்பியில் கவ்வியை மாட்டினேன்.
வாரியம் அனுப்புகிற அலை
தூரத்துச் சேர்வராயன் மாதிரி
நிதானமாய் ஏறி நிதானமாய் இறங்குகிறது.
உலையின் ரெக்டிஃபையர் இழுப்பதோ
ஒட்டக முதுகு.
உச்சியில் இரண்டு கடி, மற்ற நேரம் பட்டினி.
பந்தியில் உட்கார்ந்து
வடையை மட்டும் பொறுக்குகிறவனைப் போல.

சிதைவு முப்பத்தோரு சதவீதம்.
ஐந்தாம் அலை நெட்டையாக,
ஏழாவது அதன் தோளுயரம்.

"அவன் உலைதானே?"
"அக்கா உலைதானே?"
ஒரே பில்லில் வாங்கிய உலைகள்.
தப்பும் ஒரே தப்பு.

ஃபில்டர் விலை சொன்னேன்.
சுவரின் இரு பக்கமும் ஒரே மௌனம்.

வெந்துபோன டிரான்ஸ்பார்மருக்கு
எப்படியும் புதுச்சுற்று வேண்டியிருந்தது.
கிழக்குக்கு ஸ்டார், மேற்குக்கு டெல்டா.
நடுவில் முப்பது பாகை விலகல், அவ்வளவுதான்.
இவர் ஐந்து மேலே போகையில்
அவர் ஐந்து கீழே வரும்.
கம்பத்துக்குப் போய்ச் சேரும் முன்பே
இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும்.

"ஆனால் ஒரே நேரத்தில் ஓட்டணும்.
ஒரே அளவு சுமை."

அதைச் சொல்ல
சுவரைச் சுற்றி நான்கு முறை நடந்தேன்.
கதவு வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

காலை ஆறேகாலுக்கு இரண்டு ஸ்விட்சும்.
ஒன்பது சதவீதம்.
நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே
ஒட்டகம் படிக்கட்டாகி,
படிக்கட்டு ஏறத்தாழ மலையானது.

ஆடி மாதம் ஒரு வியாழன்.
சம்பூர்ணத்தின் போன்:
"டிரான்ஸ்பார்மர் பழையபடி உறுமுது.
அந்தப் பக்கம் என்ன ஆச்சுன்னு கேளுங்க."
கேட்டேன்.
டெங்கு. மோகன் குமாரமங்கலம் ஆஸ்பத்திரியில் மூன்று நாளாக.

சொன்னதும்
கொஞ்ச நேரம் உறுமல் மட்டும் கேட்டது.
பிறகு அதுவும் நின்றது.
"உலையை அணைச்சுட்டேன்.
கெப்பாசிட்டர் போயிடும்ல."

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில்
அப்போதே எழுதியிருந்தேன்:
பதினொன்றும் பதின்மூன்றும் இந்த முறையில் போகாது.
சிறிதளவு இருக்கும்.
இருந்தால் பாதகமில்லை.