எட்டு நாற்பது

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப்பட்டறை.
மாடியில் நான், என் மடிக்கணினி.
இரவு எட்டு நாற்பதுக்குப் போட்டால்தான்
ரீல்ஸ் ஓடும் என்றேன்.
மூன்று வாரம் உட்கார்ந்து எண்ணிய கணக்கு.
அங்கப்பன் தினசரிக் காலண்டரைத் தூக்கிப் பார்த்துவிட்டு
"சரி, சூலம் இல்லை" என்றார்.

கொலுசுக்குக் கால் தந்தவள்
பாலிஷ் போடும் மரகதம்.
ஆறு தடவை படியிறங்கினாள்.
முத்துச் சத்தத்தை அழித்துவிட்டு
அந்த வாரம் ஊரே வைத்திருந்த
இசையை வைத்தேன்.
விலையைக் கொட்டை எழுத்தில் போட்டேன்.
அதைச் செய்திருக்கக் கூடாது.

எட்டு நாற்பது.
கோவை, தென்காசி, மஸ்கட்.
பதினொன்றுக்குள் நூற்றுப் பன்னிரண்டு ஜோடி.

அதே ராத்திரி
எங்கோ, யாரோ, எதற்கோ
வெள்ளியை ஏற்றிவிட்டார்கள்.
விடிந்தால் கிராமுக்கு ஒன்பது ரூபாய் கூட.

அங்கப்பன் கத்தவில்லை.
கால்குலேட்டரைத் தட்டினார்,
துடைத்தார், தட்டினார்.
"சொன்ன விலைக்கே அனுப்பு."
படியிறங்கும்போது திரும்பி,
"அடுத்த தடவை, பாப்பா,
யாரும் பார்க்காத நேரமாப் பாத்துப் போடு."

கீழே மரகதம்
ஒவ்வொரு ஜோடியாய்க் காதருகே உதறி
சத்தம் பார்த்துப் பையில் போடுகிறாள்.
நூற்றுப் பன்னிரண்டு முறை
நான் அழித்த அதே சத்தம்.

பதிவு செய்ய போனை எடுத்தேன்.
இரண்டு சதவீதம்.