பானட்டின் மேல் ஒரு கை

வாங்கப் போன அன்று இன்ஜின் சூடாக இருந்தது.
இப்போதுதான் கடைக்குப் போய் வந்தேன் என்றார் விற்றவர்.
வென்ட்ஸ்பில்ஸ் நகரம், பிப்ரவரி,
காலடியில் பனி நொறுங்கியது.
அவர் கையில் கடைப் பை எதுவும் இல்லை.

அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டு
பின்கதவைத் திறந்தேன், இருக்கைகளை மடக்கினேன்,
என் டபுள் பாஸை மனத்துக்குள் படுக்க வைத்துப் பார்த்தேன்.
முன்னிருக்கைகளின் நடுவே அதன் கழுத்து அளவாக நீண்டது.
தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை,
ஆறாயிரத்து எண்ணூறு யூரோ.
சொகுசு வேகனைப் பற்றி எனக்கு அப்போது தெரியாதது ஒன்றுதான்:
வண்டிக்கு வயதாகும்,
உதிரிபாகத்தின் விலைக்கு வயதாவதில்லை.

மறுநாள் காலை, மைனஸ் பதினொன்று.
சாவியைத் திருப்பியதும்
தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்குவதுபோல்
மூன்று விநாடி.
பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் அமைதி.

நாற்பது பேர் வாசிக்கும் மேடையில்
ஒரு தந்தி மயிரிழை இறங்கினாலும்
திரும்பிப் பார்க்கிற காது இது.
இதைக் கொஞ்சம் கதகதப்பு ஏமாற்றிவிட்டது.

"டைமிங் செயின், மிர்ட்ஸா"
அக்ரிஸ் வண்டிக்கு அடியில் படுத்தபடியேதான் பேசுவான்.
"புண்ணியவான்கள் அதைப் பின்பக்கம் வைத்திருக்கிறார்கள்.
இன்ஜினையே இறக்கணும். மூவாயிரத்து இருநூறு."
இறக்காவிட்டால்?
"ஒரு நாள் அறுந்துபோகும்.
எந்த ஊரில் என்று அது முடிவு செய்யும்."

அது மட்டுமா.
இரவு முழுக்கக் காற்று கசிந்து
விடியும்போது வலது பின்மூலை
கால் மரத்தவன்போல் உட்கார்ந்திருக்கும்.
காற்றுப்பை நானூற்றுப் பத்து.
கசிந்த பைக்கு ஊதி ஊதியே களைத்த கம்ப்ரசர் அறுநூற்றுத் தொண்ணூறு.
என் இரண்டாவது வில்லை விற்று அந்த மூலையை நிமிர்த்தினேன்.
அடுத்த மாதம் இடது மூலை உட்கார்ந்தது.

கண்ணாடிக் கூரையின் வடிகாலில் லிண்டன் விதைகள் அடைத்து
மழைநீர் கம்பளத்துக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டிக்குள் புகுந்தது.
அதன் பிறகு இடது கதவைத் திறந்தால் வைப்பர் ஓடும்.
சிரித்தேன்,
தொள்ளாயிரத்து நாற்பது என்று அக்ரிஸ் சொல்லும்வரை.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்;
நான் சுமைகூலிக்கே தவணை கேட்டு நின்றேன்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்.
குல்டீகாவில் கச்சேரி முடிந்து திரும்பும் நள்ளிரவுகளில்
இருபுறமும் பைன் மரங்கள், எதிரே யாருமில்லை,
முதுகுக்குக் கீழே இருக்கை மெல்லச் சூடாகும்,
பின்னால் பாஸ் பள்ளங்களுக்கு எல்லாம் தூங்கும்.
அந்த ஒரு மணி நேரம்
எனக்கு யாரிடமும் கடன் கிடையாது.

மார்ச்சில் விற்க முடிவெடுத்தேன்.
பத்து மணிக்கு வருவதாகச் சொன்னார்கள்.
ஒன்பதேகாலுக்குக் கீழே இறங்கி
இன்ஜினை ஓடவிட்டேன். ஆணிகள் குலுங்கின, அடங்கின.
இடது மூலை எழுந்து நின்றது,
பெண் பார்க்க வருகிறவர்களுக்காக நிமிர்ந்ததுபோல்.

வந்தார்கள், எல்விதாவும் ராய்விஸும்.
அவன் நேரே பின்கதவுக்குப் போனான்,
இருக்கைகளை மடக்கினான்,
எதையோ மனத்துக்குள் படுக்க வைத்துப் பார்த்தான்.
அவள் கையுறையைக் கழற்றி
காய்ச்சல் பார்ப்பதுபோல்
பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.
எடுக்கவில்லை.
"கடைக்குப் போயிருந்தீர்களா?"

என் இரண்டு கைகளும் காலியாக இருந்தன.

"இல்லை" என்றேன். "மேலே வாருங்கள்.
ஆறுவதற்கு மூன்று மணி நேரம் ஆகும். காபி இருக்கிறது."

ஜன்னல் ஓரம் மூவரும் நின்றோம்.
கீழே வண்டியின் இடது மூலை
அவசரமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.
அக்ரிஸின் ரசீதுகளை எல்விதா
ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தாள்.
ராய்விஸ் மட்டும்
கண்ணை வண்டியிலிருந்து எடுக்காமல்
கடைசி விலை எவ்வளவு என்று மறுபடியும் கேட்டான்.